நிறம் மாறிய கடிகாரத்துக்கு 25 கோடி ரூபாய்!

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரம். 2021-ம் ஆண்டு நவம்பர் மாதம். "பிலிப்ஸ்" என்ற பெரிய ஏலக் கம்பெனி, பழைய கைக்கடிகாரங்களை ஏலம் விட்டுக் கொண்டிருந்தது.

ஒரு கடிகாரத்தின் முறை வந்தது. அது "ஒமேகா" கம்பெனியின் "ஸ்பீட்மாஸ்டர்". 1957-ம் ஆண்டில் முதன் முதலாக வெளிவந்த ரகம். தங்கத்தால் செய்தது அல்ல. வைரம் பதித்ததும் அல்ல. வெறும் எஃகு.

கடையில் விற்றபோது அதன் டயல் கறுப்பு. 64 ஆண்டுகளில் அந்தக் கறுப்பு போய், பால் கலந்த சாக்லெட் நிறம் வந்து விட்டிருந்தது.

80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் பிராங்க் வரை போகும் என்று ஏலக் கம்பெனி மதிப்பு போட்டிருந்தது. அதாவது சுமார் 65 லட்சம் ரூபாயில் இருந்து 1 கோடி ரூபாய் வரை.

ஆனால் ஏலம் நிற்கவே இல்லை. ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் கமிஷனோடு சேர்த்து 31 லட்சத்து 15 ஆயிரத்து 500 பிராங்க்! அன்றைய நிலவரப்படி நம் பணத்தில் 25 கோடி ரூபாய்க்கு மேல். ஒமேகா கடிகாரம் ஒன்றுக்கு அதுவரை உலகில் யாருமே கொடுக்காத விலை.

மாதுங்காவிலோ, தாராவியிலோ ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் இப்படி நிறம் மங்கிய கடிகாரத்தைக் கொடுத்தால் என்ன சொல்வார்கள்?

"டயல் போயிடுச்சு சார். பெயிண்ட் அடிச்சிடலாம். புதுசு மாதிரி ஆயிடும்."

இங்கே பெயிண்ட் அடிக்கச் சொல்லும் அதே பழுப்புக்குத்தான் அங்கே கோடிகளைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். ஏன்?

அந்தக் கடிகாரத்தின் கதையும் ஏலத்தோடு முடிந்து விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் அது உலகத்தையே கைகொட்டிச் சிரிக்க வைத்தது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

வெயில் செய்த வேலை

கடிகாரத்தின் டயல் என்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு. அதன் மேல் நிறம் ஏற்றுவார்கள். எண்களையும் கம்பெனி பெயரையும் அச்சிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பாதுகாப்பாக ஒரு வார்னிஷ் பூச்சு.

1950-களிலும் 1960-களிலும் பயன்படுத்திய கறுப்புப் பூச்சுகள் சிலவற்றில் ஒரு பலவீனம் இருந்தது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டுப்பட்டு, கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. முதலில் கருங்காப்பி நிறம். பிறகு புகையிலை நிறம். சிலவற்றில் தேன் நிறம்.

வெயிலோடு சூடும் ஈரமும் சேர்ந்தால் மாற்றம் இன்னும் விரைவாக வரும். கடலில் முத்துக் குளிப்பவர் போல மூழ்கி வேலை செய்பவர்கள், விமானிகள், வெப்ப நாடுகளில் பணி புரிந்த ராணுவத்தினர் ஆகியோர் கட்டிய கடிகாரங்களில் இந்த நிறம் அதிகம் காணப்பட்டது. ஆகவே இதற்கு "டிராப்பிகல் டயல்" என்று பெயர் வைத்தார்கள். வெப்ப மண்டல டயல் என்று பொருள்.

வேடிக்கை என்ன தெரியுமா? ஒரே நாளில், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு கடிகாரங்களில் ஒன்று பழுத்து விடும். மற்றொன்று அப்படியே கறுப்பாக இருக்கும். ஒன்று பீரோவுக்குள் தூங்கியது. இன்னொன்று கையில் ஏறி வெயிலில் அலைந்தது. பூச்சுக் கலவையிலும் சிறு வேறுபாடு இருந்திருக்கும். ஒரு டயலைப் போல இன்னொரு டயல் பழுப்பது இல்லை. மனிதர்களின் தலை நரைப்பது மாதிரிதான்.

1990-களில் வந்த "ரோலக்ஸ் டேடோனா" கடிகாரங்கள் சிலவற்றிலும் இப்படி ஒரு வேடிக்கை நடந்தது. டயலின் உள்ளே இருக்கும் மூன்று சிறு வட்டங்களின் வெள்ளி நிற விளிம்பு மட்டும் பழுப்பாக மாறியது. மேலே பூசிய வார்னிஷ் சரியாகக் காப்பாற்றாததே காரணம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒஸ்வால்டோ பட்ரிசி என்ற ஏலக்காரர். இன்று அந்த டயலுக்கு "பட்ரிசி டயல்" என்றே பெயர். குறைக்கு ஒரு பெயர் கிடைத்ததும் அதன் விலை ஏறி விட்டது!

குறை என்று கழற்றி எறிந்தார்கள்

ஒரு காலத்தில் இந்த நிறமாற்றத்தை யாரும் ரசிக்கவில்லை. கடிகாரம் செய்த கம்பெனிகளே இதைத் தங்கள் தவறு என்றுதான் நினைத்தன. "டயல் வெளுத்து விட்டது" என்று வாடிக்கையாளர் கொண்டு வந்தால், பழையதைக் கழற்றி விட்டுப் புது டயல் போட்டுக் கொடுத்தார்கள். வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு வாங்கிப் போனார்.

கழற்றிய டயல்களில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயின.

இன்று டிராப்பிகல் டயல் கிடைப்பது அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சர்வீசுக்குப் போகாமல் தப்பிய கடிகாரங்களே மிஞ்சின. அரிதாக இருப்பதற்குத்தானே விலை!

மவுசு எப்படி வந்தது?

1969-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, ஜப்பானின் "செய்க்கோ" கம்பெனி உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சாவி கொடுக்க வேண்டாம். பேட்டரி போட்டால் போதும். நேரமும் மிகத் துல்லியம். சில ஆண்டுகளில் விலையும் அடிமட்டத்துக்கு இறங்கியது.

சுவிட்சர்லாந்து ஆடிப்போயிற்று. 1970-ல் அங்கே கடிகாரத் தொழிலில் சுமார் 90 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1980-களின் நடுவில் அது சுமார் 30 ஆயிரமாகச் சுருங்கி விட்டது. பரம்பரை பரம்பரையாக இந்த வேலை செய்த குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேடிப் போயின.

நேரம் பார்ப்பதற்கு சாவிக் கடிகாரம் தேவை இல்லை என்று ஆனது. அதன் பிறகுதான் அதன் மேல் ஆசை பிறந்தது! பற்சக்கரங்களும் சுருள்வில்லும் கொண்ட சின்னஞ்சிறு எந்திரம், பேட்டரி இல்லாமல் 50, 60 ஆண்டுகள் ஓடுகிறதே என்ற வியப்பு வந்தது. 1980-களில் இத்தாலி போன்ற நாடுகளில் சிலர் தேடித்தேடி வாங்கத் தொடங்கினார்கள். பிறகு ஜெனீவா, நியூயார்க், ஹாங்காங் என்று ஏலங்கள் பெருகின.

சேகரிப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: "பழைய கடிகாரம் பழையதாகவே இருக்க வேண்டும்." மெருகு போட்டது வேண்டாம். பெயிண்ட் அடித்தது வேண்டாம். கையில் இருந்து உரசிய கீறலும், வெயில் கொடுத்த நிறமும் அப்படியே இருக்கட்டும். அதுதான் அந்தக் கடிகாரம் வாழ்ந்த வாழ்க்கைக்குச் சாட்சி.

மனைவி கொடுத்த பரிசு

கடிகாரத்தோடு ஒரு கதையும் சேர்ந்து விட்டால் விலைக்கு எல்லையே இல்லை.

அமெரிக்க சினிமா நடிகர் பால் நியூமேன் கார் பந்தயத்திலும் ஈடுபட்டவர். அவருடைய மனைவி நடிகை ஜோன் உட்வர்டு, கணவருக்கு ஒரு ரோலக்ஸ் டேடோனா வாங்கிக் கொடுத்தார். பின்பக்கத்தில் "கவனமாக ஓட்டுங்கள், நான்" என்ற பொருளில் மூன்றே ஆங்கிலச் சொற்களைப் பொறிக்கச் சொன்னார்.

1984-ம் ஆண்டில் நியூமேன் தன் மகளின் நண்பரான ஒரு மாணவரிடம் மணி கேட்டார். தன்னிடம் கடிகாரமே இல்லை என்றார் அந்த இளைஞர். நியூமேன் தன் கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்து விட்டார்! சாவி கொடுத்தால் நன்றாக ஓடும் என்று மட்டும் சொன்னாராம். இளைஞரும் அதைப் பல ஆண்டுகள் சாதாரணமாகக் கையில் கட்டிக்கொண்டு திரிந்தார்.

2017-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி நியூயார்க்கில் அது ஏலத்துக்கு வந்தது. போன விலை 1 கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலர். நம் பணத்தில் அன்றைக்குச் சுமார் 115 கோடி ரூபாய். ஏலத் தொகையில் ஒரு பகுதி, நியூமேன் மகளின் அறக்கட்டளைக்குப் போயிற்று.

அந்தக் கடிகாரத்தை யாராவது "பாலீஷ்" போட்டுப் புதிதாக்கி இருந்தால்? பொறித்த எழுத்து தேய்ந்திருக்கும். கதையும் அதோடு தேய்ந்திருக்கும்.

இருட்டில் ஒளிரும் ஆபத்து

நம் ஊரில் இருட்டில் ஒளிரும் எதையும் "ரேடியம்" என்றுதான் சொல்கிறோம். சைக்கிளில் ஒட்டும் ஸ்டிக்கர்கூட ரேடியம் ஸ்டிக்கர்! அதில் ரேடியமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் பழைய கடிகாரங்களின் முள்ளிலும் எண்களிலும் உண்மையாகவே ரேடியம் இருந்தது.

1898-ல் கியூரி தம்பதிகள் கண்டுபிடித்த ரேடியத்தை ஒளிரும் பூச்சில் கலந்தார்கள். 1917-ல் இருந்து அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இளம் பெண்கள் அந்தப் பூச்சை டயலில் தீட்டினார்கள். தூரிகையின் நுனி கூர்மையாக இருக்க வேண்டும் என்று அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போயிற்று. அது எலும்பில் சேர்ந்து, தாடை எலும்பை அரித்தது. பலர் இறந்தார்கள். நியூஜெர்சியில் ஐந்து பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1928-ல் கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்து சமரசம் செய்து கொண்டது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் வலுப்பெற அந்தப் பெண்களின் போராட்டம் ஒரு காரணம்.

1960-களில் ரேடியத்துக்குப் பதில் டிரிட்டியம் வந்தது. இதன் கதிர்வீச்சு மிகவும் பலவீனம். டயலின் அடியில் "சுவிஸ்" என்ற சொல்லின் பக்கத்தில் ஆங்கில "டி" எழுத்து இருந்தால் அது டிரிட்டியம் என்று பொருள். 1990-களின் கடைசியில் அதுவும் போய், கதிர்வீச்சே இல்லாத பூச்சு வந்து விட்டது.

டிரிட்டியத்தின் வீரியம் சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும்! பழைய கடிகாரம் இப்போது இருட்டில் ஒளிரவில்லையே, ரேடியம் தீர்ந்து விட்டது என்று நினைக்கக் கூடாது. ஒளி கொடுக்கும் துணைப்பொருள்தான் கெட்டுப் போயிருக்கும். ரேடியம் அப்படியே இருக்கும். ஆகவே மிகப் பழைய ஒளிரும் டயலை வீட்டில் திறந்து சுரண்டவே கூடாது. அந்தத் தூள் மூச்சில் போவது ஆபத்து.

இந்த ஒளிப் பூச்சும் வயது ஏற ஏற வெளிர் மஞ்சள், பாலேடு, பூசணி நிறம் என்று பழுக்கும். சேகரிப்பவர்கள் அதையும் ரசிக்கிறார்கள். பழுத்த பழுப்பு டயல், அதில் பூசணி நிறப் புள்ளிகள் என்றால் ஏலத்தில் போட்டிதான்!

போலிகள் வைத்த அடுப்பு

எங்கே பணமோ அங்கே மோசடி. வெயில் 40 ஆண்டுகளில் செய்கிற வேலையை 4 மணி நேரத்தில் செய்யக் கிளம்பி விட்டார்கள் சிலர்.

டயலைக் கழற்றி அடுப்பில் வைத்துச் சுடுகிறார்கள். புற ஊதா விளக்கின் அடியில் வைத்து வாட்டுகிறார்கள். ஒளிப் பூச்சுக்குத் தேயிலைச் சாயமும் காப்பிச் சாயமும் ஏற்றுகிறார்கள். பல கடிகாரங்களின் உறுப்புகளைப் பிரித்து, ஒன்றாக்கி, அபூர்வமான பழைய கடிகாரம் என்று விற்கிறார்கள்.

முதலில் சொன்ன 25 கோடி ரூபாய் கடிகாரத்துக்கு இப்போது வருவோம்.

அதை ஏலத்தில் எடுத்தவர் யார்? வேறு யாரும் அல்ல. அதைத் தயாரித்த ஒமேகா கம்பெனியேதான்! தன்னுடைய காட்சிசாலையில் வைப்பதற்காக வாங்கியது.

பழைய கடிகாரங்களை ஆராய்கிறவர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் உண்மை வெளியாயிற்று. அது ஒரே கடிகாரம் அல்ல. பெரும்பாலும் வேறு வேறு கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கோத்தது என்று ஒமேகாவே அறிவித்தது. தன்னிடம் முன்பு வேலை பார்த்த மூன்று பேருக்கு இதில் தொடர்பு உண்டு என்றும், கிரிமினல் புகார் கொடுத்திருப்பதாகவும் சொன்னது. காட்சிசாலைக்குக் கட்டாயம் வாங்க வேண்டிய அபூர்வப் பொருள் இது என்று நிர்வாகத்தை நம்ப வைத்ததும் உள்ளே இருந்தவர்களே என்பது ஒமேகாவின் குற்றச்சாட்டு.

ஏலத்துக்கு முன்பு அந்த எந்திரத்தின் எண்ணையும் தயாரித்த தேதியையும் ஒமேகாவிடமே கேட்டு உறுதி செய்து கொண்டோம் என்றது ஏலக் கம்பெனி.

கொல்லன் தெருவில் ஊசி விற்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கொல்லனுக்கே ஊசி விற்று விட்டார்கள்!

தாய்க் கம்பெனியே ஏமாந்தது என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? ஆகவே வாங்குகிறவர்கள் இப்போது பூதக்கண்ணாடியோடுதான் உட்காருகிறார்கள். அவர்கள் பார்ப்பது இவற்றை:

டயலின் ஓரத்தில், கூட்டின் விளிம்பு மறைத்த இடத்தில் பழைய கறுப்பு மிஞ்சி இருக்கிறதா? இயற்கையாகப் பழுத்ததில் வெயில் படாத இடம் பெரும்பாலும் கறுப்பாகவே நிற்கும். எல்லா இடமும் ஒரே சீராகச் சிவந்திருந்தால் சந்தேகம்தான்.

முள்ளில் உள்ள ஒளிப் பூச்சும் டயலில் உள்ள ஒளிப் பூச்சும் ஒத்துப் போகின்றனவா? இரண்டும் சேர்ந்தே வயதாகி இருக்க வேண்டும்.

எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றனவா? கையால் திரும்ப எழுதினால் "சுவிஸ்" என்ற சிறிய எழுத்தில் கோணல் தெரிந்து விடும்.

எந்திரத்தில் உள்ள எண்ணும் கூட்டின் காலமும் பொருந்துகின்றனவா? முதலில் வாங்கிய ரசீது, பெட்டி, பழைய போட்டோ ஏதாவது உண்டா?

பம்பாய் சரக்கு

இந்த விஷயத்தில் மும்பைக்கு உலகப் புகழ் உண்டு. ஆனால் பெருமைப்படும்படியான புகழ் அல்ல.

சுவிஸ் கடிகாரத்துக்கும் பம்பாய்க்கும் உள்ள உறவு பழையது. "பேவர் லூபா" கம்பெனி 1865 முதல் இந்தியாவில் வியாபாரம் செய்தது. "வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி" 1886-ல் பம்பாயில்தான் தொடங்கியது. அதன் "சோவார் பிரைமா" கடிகாரம் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினர் பலரின் கையை அலங்கரித்தது. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், வெளிநாட்டு வாட்ச் என்பது கள்ளக் கடத்தல் சரக்காகவே ஆயிற்று. சென்னை பர்மா பஜாரில் "பாரின் வாட்ச்" வாங்கியதை ஊரெல்லாம் காட்டிய காலம் அது.

இப்படி வந்து சேர்ந்த லட்சக்கணக்கான பழைய கடிகாரங்களில் பலவற்றைப் பிற்காலத்தில் எடைக்கு வாங்கி, பிரித்து, ஓடுகிற எந்திரத்தைப் பொறுக்கி, டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விற்கும் தொழில் வளர்ந்தது. பளபளக்கும் பச்சை, சிவப்பு, ஊதா நிற டயல்கள். ஒரு கம்பெனியின் எந்திரம், இன்னொரு கம்பெனியின் கூடு, டயலில் மூன்றாவது கம்பெனியின் பெயர்! வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு "மும்பை ஸ்பெஷல்" என்று கேலிப் பெயரே வைத்து விட்டார்கள்.

வேலை செய்கிறவர்களின் கைத்திறமையைக் குறை சொல்ல முடியாது. ஒரு மயிர்த் தூரிகையை வைத்துக்கொண்டு சிறு எழுத்தை எழுதுகிறவன் கலைஞன்தான். செத்த கடிகாரத்தை ஓட வைத்து, சில ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்தால் தப்பும் இல்லை. பெயிண்ட் அடித்ததை "ஒரிஜினல்" என்று சொல்லி விற்பதுதான் தப்பு. சோர் பஜாரில் நின்று கொண்டும், செல்போனில் படம் பார்த்தும் ஏமாறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய கடிகாரம் பளிச்சென்று புதுநிறத்தில் கண்ணைப் பறித்தால், அங்கேயே ஒரு நிமிடம் நிதானிப்பது நல்லது.

எச்.எம்.டி. காலம்

சாதாரண இந்தியனுக்குக் கடிகாரம் கட்டும் ஆசையை நிறைவேற்றியது சுவிஸ் கம்பெனி அல்ல. பெங்களூர் எச்.எம்.டி.தான். 1961-ல் ஜப்பானின் "சிட்டிசன்" கம்பெனி ஒத்துழைப்போடு அங்கே கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். "ஜனதா", "பைலட்", "சோனா", "கோஹினூர்" என்ற பெயர்களைக் கேட்டால் இன்றைய பெரியவர்களின் முகம் மலரும்.

எஸ்.எஸ்.எல்.சி. பாசானால் அப்பா வாங்கிக் கொடுத்தது. கல்யாணத்தில் மாமனார் மாப்பிள்ளைக்குப் போட்டது. வேலைக்குப் போன மகன் முதல் போனசில் வாங்கியது. ரிட்டயர் ஆகும் குமாஸ்தாவுக்கு ஆபீசில் மாலை போட்டுக் கொடுத்தது. எல்லாம் பெரும்பாலும் எச்.எம்.டி.தான்.

1984-ல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து "டைட்டன்" கம்பெனியை உருவாக்கின. ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்கள் தயாராயின. சாவிக் கடிகாரம் பின்தங்கியது. எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூட 2016-ம் ஆண்டு ஜனவரி மாதம் மத்திய மந்திரி சபை முடிவு செய்தது.

மூடிய பிறகுதான் மதிப்பு தெரிந்தது. இன்று பழைய எச்.எம்.டி.களைத் தேடிச் சேகரிக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "டயல் ஒரிஜினலா?"

டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது?

ஊரை விட்டுப் பிழைக்க வந்த பல குடும்பங்களில், டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பழைய கடிகாரம் தூங்கிக் கொண்டிருக்கும். தாத்தா கட்டியது, அல்லது அப்பா கட்டியது. ஓடாது. டயல் மங்கி இருக்கும். வார் அறுந்திருக்கும்.

அதற்குக் கோடி ரூபாய் கிடைக்குமா என்றால், கிடைக்காது. அந்த ஆசையை வளர்த்துக் கொள்ள வேண்டாம். கோடிகளுக்குப் போவது ரோலக்ஸ், ஒமேகா போன்ற சில கம்பெனிகளின் குறிப்பிட்ட சில ரகங்கள் மட்டுமே. பழுத்ததற்கும் அழுகியதற்கும் வேறுபாடும் உண்டு. டயல் முழுவதும் சீராக நிறம் மாறினால் அது பழுப்பு. மழைக்கால ஈரம் உள்ளே போய்ப் புள்ளி புள்ளியாகப் பூத்து, பூச்சு உரிந்திருந்தால் அது கெட்டுப் போனது. மும்பை, சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இரண்டாவது ரகமே அதிகம்.

ஆனாலும் சில விஷயங்களை மனதில் வைத்துக் கொள்ளலாம்.

கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, "எந்திரத்தைச் சுத்தம் செய்யுங்கள், எண்ணெய் விடுங்கள், டயலைத் தொட வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லி விட வேண்டும். பெயிண்ட் அடித்த டயலைப் பழையபடி ஆக்க யாராலும் முடியாது.

ஏதாவது உறுப்பை மாற்றினால், கழற்றிய பழைய உறுப்பைத் திரும்ப வாங்கிக் கொள்ள வேண்டும். அது உங்கள் சொத்து. பழைய முள்ளும் சாவித் திருகும்கூட விலை போகும்.

கொடுப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், எந்திரத்தின் எண் ஆகியவற்றை செல்போனில் படம் எடுத்து வைத்துக் கொண்டால், மாற்றி வைத்து ஏமாற்ற வழி இல்லை.

வாசலில் வந்து "பழைய வாட்சுக்கு நல்ல விலை" என்று கேட்கிறவரிடம் அன்றைக்கே கொடுத்து விடக் கூடாது. இரண்டு, மூன்று இடத்தில் விசாரித்து விட்டுக் கொடுக்கலாம்.

விற்கவே மனம் இல்லையா? இன்னும் நல்லது. சுத்தம் செய்து, ஒரு புது வார் போட்டு, மகன் கையிலோ மகள் கையிலோ கட்டி விடலாம். தினமும் காலையில் சாவி கொடுக்கக் கற்றுக் கொடுக்கலாம்.

அந்த டயலில் படிந்த பழுப்பு, அப்பா காலை லோக்கல் ரெயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய நாட்களின் வெயில். மில் வாசலில் சங்கு ஊதும் முன் ஓடி வந்த வியர்வை. ஜெனீவா ஏலத்தில் அதற்கு விலை போட மாட்டார்கள். பெயிண்டர் கடையில் அதை ஐந்து நிமிடத்தில் அழித்து விடுவார்கள்.

ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பெட்டியைத் திறந்து பார்க்கவும். கடிகாரம் இருந்தால், அதைக் கட்டியவர் யார், எப்போது வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி அதோடு சேர்த்து வைக்கவும். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டு விடுவது நல்லது.